பள்ளி ஊழியர் மீது புகார் எழுந்த பிறகு ஊரின் நம்பிக்கையை மீட்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஆசிரியர் ஒருவர் மீது பாலியல் புகார் வந்து, போலீஸ் அவரை அழைத்துப்போன மறுநாள் காலையில், பள்ளி வாசலில் நிற்கிற அம்மாக்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "சார், பிள்ளைய உள்ள விடலாமா?" அதற்கு "தைரியமா விடுங்கம்மா, நான் இருக்கேன்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போகிற தலைமையாசிரியர்கள்தான் அதிகம். அவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் போன வாரம் வரை அந்த ஆசிரியரை நம்பிப் பிள்ளையை அனுப்பிய அம்மாவுக்கு, இன்னொருவரை நம்பச் சொல்வது ஆறுதலாக இருக்காது. இன்றைக்கு என்ன மாறியிருக்கிறது என்று அவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

அப்படி ஒரு புகாருக்குப் பிறகு ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியராக மாற்றப்பட்டுப் போனேன். அப்புறம் அதே நிலைமையில் நின்ற வேறு சில பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவிகளுக்கும் கூடவே இருந்து உதவியிருக்கிறேன். எல்லோரும் ஏறக்குறைய அதே வேலைகளைத்தான் செய்கிறார்கள், வரிசைதான் தவறிப்போகிறது. பெற்றோரிடம் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே கேமரா மாட்டுகிறார்கள், பாதிக்கப்பட்ட குடும்பத்தைப் போய்ப் பார்ப்பதற்கு முன்பே விழிப்புணர்வுப் பேரணி நடத்துகிறார்கள். ஊர் அதை மூடி மறைக்கும் வேலையாகத்தான் பார்க்கிறது.

கீழே இருப்பது தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளையும் உதவிபெறும் பள்ளிகளையும் மனதில் வைத்து எழுதியது. தனியார் பள்ளிக்கும் பெரும்பகுதி பொருந்தும். பாலியல் புகாரை முன்வைத்தே பேசுகிறேன். அடி உதை, சாதி சொல்லித் திட்டுவது போன்ற புகார்களுக்குச் சட்டப் பிரிவுகள் வேறு, ஆனால் 3ஆம் படியிலிருந்து பெரும்பாலும் வழி ஒன்றுதான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

புகார் வந்த அன்று இதையெல்லாம் தேட முடியாது, போன் நிற்காமல் அடித்துக்கொண்டிருக்கும். ஒரு மதியம் உட்கார்ந்தால் முடிகிற வேலை, இன்றே செய்து வையுங்கள்.

முதலில் எண்கள். உங்கள் பகுதி அனைத்து மகளிர் காவல் நிலையம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர், குழந்தைகள் நலக் குழு, முதன்மைக் கல்வி அலுவலர் (சி.இ.ஓ.) அலுவலகம், இவற்றோடு குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417. காகிதத்தில் எழுதி உங்கள் மேசையில் ஒன்றும் மேலாண்மைக் குழுத் தலைவியிடம் ஒன்றும் இருக்கட்டும். புகார் உங்கள் மீதே வரலாம், அல்லது அன்று நீங்கள் விடுப்பில் இருக்கலாம், அதனால்தான் இரண்டு.

அடுத்து, பக்க எண் போட்ட ஒரு கட்டு நோட்டு. யார் எப்போது என்ன சொன்னார்கள், அதற்கு நீங்கள் எத்தனை மணிக்கு என்ன செய்தீர்கள் என்று அன்றன்றே எழுத. உதிரித் தாள்கள் வேண்டாம், பின்னால் சேர்த்தது, கிழித்தது என்ற பேச்சு வரும். குழந்தையின் பெயரை அதில் எழுதாமல் ஒரு குறி எண் மட்டும் போடுங்கள், பெயர் காவல் நிலையப் பதிவில் இருந்தால் போதும். நோட்டு பூட்டிய பீரோவில் இருக்கட்டும்.

மூன்றாவது, உயிரோடு இருக்கிற மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். காகிதத்தில் எல்லாப் பள்ளியிலும் இது சரியாகத்தான் இருக்கிறது. கூட்டமே நடத்தாமல் கையெழுத்துக்கு நோட்டை வீடு வீடாக அனுப்பியே பழகியிருந்தால், நெருக்கடி நாளில் உங்களோடு நின்று பேச ஒருவர்கூட இருக்க மாட்டார்கள். இதை மட்டும் ஒரே மதியத்தில் சரிசெய்ய முடியாது, இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகக் கூட்டம் நடத்த வேண்டும்.

2. முதல் 24 மணி நேரம்: குழந்தை, பிறகு காவல் நிலையம், மற்றதெல்லாம் அதற்கப்புறம்

நம்பிக்கையை மீட்கும் வழிகாட்டியில் இது எதற்கு என்று தோன்றலாம். அந்த முதல் நாள் பள்ளி எப்படி நடந்துகொண்டது என்பதைத்தான் ஊர் வருடக்கணக்கில் பேசும். இங்கே சறுக்கினால் பின்னால் வருகிற எந்தப் படியும் உதவாது.

குழந்தை உங்களிடம் சொன்னால், "நீ சொன்னது நல்லதும்மா, உன் மேல ஒரு தப்பும் இல்ல" என்று சொல்லுங்கள். அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அவனாக இருந்தாலும் அப்படியே, பையன்களின் புகாரைச் சிரித்துக் கடந்துபோகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. துருவித் துருவிக் கேட்க வேண்டாம். விசாரிக்க வேண்டியவர்கள் வேறு, நீங்கள் கேட்கிற ஒவ்வொரு கூடுதல் கேள்வியும் குழந்தைக்கு இன்னொரு முறை அதே வேதனை. "ஏன் முன்னாடியே சொல்லல?" என்ற கேள்வி வாயில் வரவே கூடாது.

பிறகு பெற்றோருக்குத் தகவல், அதே நாளில் காவல் நிலையத்துக்கு எழுத்துப் புகார். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, குற்றம் நடந்தது தெரிந்தாலும் நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும் போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும். தன் கீழ் வேலை பார்ப்பவர் செய்ததை நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் 21ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. நல்ல எண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது வழக்கு வராது என்றும் அதே சட்டம் சொல்கிறது.

புதியவர்கள் இடறுகிற இடம் இதுதான்: "முதல்ல நாங்க விசாரிச்சுப் பாத்துட்டு, உண்மைன்னா சொல்றோம்." ஆதாரம் தேடுவது உங்கள் வேலையே இல்லை. மகாராஷ்டிரத்தில் ஒரு பள்ளி விடுதிச் சிறுமிகள் தொடர்பான வழக்கில், விஷயம் தெரிந்தும் சொல்லாமல் இருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட மருத்துவர் மீதான வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கி, தகவல் தராமல் இருப்பது கடுமையான குற்றம் என்று சொன்னது. மருத்துவருக்கே அப்படியென்றால் தலைமையாசிரியருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னும் மூன்று தவறுகளை நேரில் பார்த்திருக்கிறேன். குற்றம் சாட்டப்பட்டவரையும் குழந்தையையும் ஒரே அறையில் நிற்கவைத்து "இவர்தானா?" என்று கேட்பது. நான்கு ஆசிரியர்கள் சுற்றி நிற்க குழந்தையிடம் எழுதி வாங்குவது. அப்புறம், ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிப்பது.

கடைசியாகச் சொன்னதற்கு இனி எந்தச் சாக்கும் இல்லை. ராஜஸ்தானில் ஒரு அரசுப் பள்ளி ஆசிரியர் மீதான வழக்கை, மாணவியின் தந்தையோடு சமரசம் ஆகிவிட்டது என்று காட்டி உயர் நீதிமன்றத்தில் ரத்து செய்ய வைத்தார்கள். வழக்கில் நேரடித் தொடர்பில்லாத மூன்றாம் நபர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2024 நவம்பரில் அந்த ரத்து உத்தரவு நீக்கப்பட்டு வழக்குக்கு மறுபடி உயிர் வந்தது. இது இரண்டு குடும்பங்களுக்கு நடுவிலான தகராறு கிடையாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

பாதிக்கப்பட்ட குடும்பத்திடம் அவர்களுக்கு என்னென்ன உரிமை இருக்கிறது என்று பொறுமையாகச் சொல்லுங்கள். குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே வாங்கலாம், வருகிற போலீஸ் சீருடையில் இருக்கக் கூடாது, கூடுமானவரை பெண் அதிகாரி வர வேண்டும், அப்பா அம்மாவோ குழந்தை நம்புகிற ஒருவரோ கூடவே இருக்கலாம், இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். இதெல்லாம் தெரியாமல்தான் பல குடும்பங்கள் புகாரே வேண்டாம் என்று பின்வாங்குகின்றன.

3. குற்றம் சாட்டப்பட்டவரை விலக்குங்கள், இடமாறுதல் கேட்காதீர்கள்

நம் துறையின் பழைய வழக்கம் ஒன்று இருக்கிறது. பிரச்சினை என்றால் ஆளை வேறு ஊருக்கு மாற்றிவிடுவது. இந்த ஊரில் சத்தம் அடங்கும், ஆனால் அந்த இன்னொரு ஊரிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அங்கே ஒருநாள் விஷயம் தெரியவரும்போது கல்வி மாவட்டம் முழுவதற்கும் பெயர் கெடும். அதுவும் தெரிந்தே அனுப்பினார்கள் என்ற பெயர்.

அரசு ஆசிரியராக இருந்து 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் விதிப்படி தற்காலிகப் பணிநீக்கமாகிவிடும். கைதாகாவிட்டாலும் குற்றச்சாட்டின் தன்மையை வைத்து நியமன அதிகாரி அப்படி நிறுத்தி வைக்கலாம். '17 பி' என்று நாம் சொல்கிற குற்றக் குறிப்பாணை, அதாவது துறை விசாரணை, தனியாக நடக்கும். உங்கள் வேலை, உண்மைகளைத் தேதியோடு எழுதி அன்றே மேலே அனுப்பி நகலை வைத்துக்கொள்வது. "தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன்" என்று மொட்டையாக முடிக்காமல், அவர் பள்ளி வளாகத்துக்குள் வரக் கூடாது, மாணவர்களைத் தொடர்புகொள்ளக் கூடாது என்று வெளிப்படையாகக் கேளுங்கள்.

கல்வி அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவர் முன்பு வேலை பார்த்த பள்ளிகளின் பட்டியலை எடுத்து, குழந்தைகள் பாதுகாப்பு அலகு மூலம் அங்கேயும் பிள்ளைகள் பேச வாய்ப்பு ஏற்படுத்துங்கள். இதை யாரும் கேட்பதில்லை, செய்தால் ஊர் மறக்காது.

4. ஊருக்குச் சொல்லும் முதல் வார்த்தை

மறுநாள் மாலைக்குள் சொல்லிவிடுங்கள். நீங்கள் பேசாத ஒவ்வொரு மணி நேரத்தையும் வாட்ஸ்அப் குழுக்கள் நிரப்பும், அதில் குழந்தையின் பெயர்தான் முதலில் அடிபடும்.

பள்ளியில் ஒருவர் மட்டும் பேச வேண்டும். நான்கு பேர் நான்கு விதமாகச் சொன்னால் அதில் ஒன்றாவது தப்பாக இருக்கும், மற்ற மூன்றையும் அது பொய்யாக்கிவிடும்.

நான் பயன்படுத்திய அறிவிப்பு கிட்டத்தட்ட இப்படி இருந்தது: "நம் பள்ளி ஊழியர் ஒருவர் மீது மாணவர் பாதுகாப்பு தொடர்பான புகார் வந்துள்ளது. புகார் வந்த அன்றே காவல் நிலையத்துக்கும் கல்வி அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிட்டோம். அவர் இப்போது பள்ளியில் இல்லை. குழந்தையைப் பற்றிய எந்தத் தகவலையும் நாங்கள் சொல்ல மாட்டோம், நீங்களும் கேட்கவோ பகிரவோ வேண்டாம், பகிர்வது சட்டப்படி குற்றம். வேறு எந்தக் குழந்தைக்காவது சொல்ல ஏதாவது இருந்தால் எங்களிடம் வரத் தேவையில்லை, நேராக 1098க்கு அழைக்கலாம். வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்குக் கூட்டம். அதற்குள் புதிதாக ஒன்றும் தெரியாவிட்டாலும் கூட்டம் நடக்கும்."

'எங்களிடம் வரத் தேவையில்லை' என்ற வரியை எடுத்துவிடச் சொல்லி என்னிடம் வாதாடினார்கள். அதுதான் இதில் முக்கியமான வரி என்று இன்றும் நினைக்கிறேன். பள்ளியைச் சந்தேகப்படுகிறவர்களுக்குப் பள்ளிக்கு வெளியே ஒரு கதவைக் காட்டுகிறீர்கள், பயமில்லாத பள்ளி மட்டும்தான் அதைச் செய்யும்.

எழுதக் கூடாதவை: 'சில விஷமிகள்', 'பள்ளியின் நற்பெயருக்குக் களங்கம்', '98 சதவீதத் தேர்ச்சி பெற்ற நம் பள்ளி'. குழந்தைக்கு நடந்ததைப் பேச வேண்டிய இடத்தில் தேர்ச்சி விகிதம் வந்தால், எது உங்களுக்குப் பெரிது என்று படிப்பவருக்குப் புரிந்துவிடும். "குற்றச்சாட்டு பொய்" என்றோ "குற்றம் நிரூபணமாகிவிட்டது" என்றோ நீங்கள் தீர்ப்பு சொல்லவும் கூடாது.

டி.வி.க்காரர்கள் வாசலுக்கு வருவார்கள். போக்சோ 23ஆம் பிரிவுப்படி குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, குடியிருப்புப் பகுதி என அடையாளம் காட்டும் எதையும் ஊடகம் வெளியிடக் கூடாது. மரியாதையாக அதை நினைவுபடுத்துங்கள். பிள்ளைகள் வெளியேறும்போது வாசலில் ஒரு பெற்றோர் உறுப்பினர் நிற்கட்டும், யார் முன்னாலும் மைக் நீளாமல் பார்த்துக்கொள்ள.

5. ஆசிரியர் அறை

இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பெற்றோர் கூட்டத்துக்கு முன்பே ஆசிரியர்களோடும், சத்துணவு, தூய்மைப் பணியாளர் எல்லோரோடும் உட்கார வேண்டும். ஏனென்றால் மாலையில் டீக்கடையில் ஊர் விசாரிக்கப்போவது அவர்களைத்தான்.

அறைக்குள் மூன்று வகை ஆட்கள் இருப்பார்கள். "அவர் அப்படிப்பட்டவர் இல்லை" என்பவர்கள். பயந்துபோய் இனி எந்தப் பிள்ளையோடும் பேசுவதில்லை என்று முடிவெடுத்தவர்கள். முன்பே ஏதோ கவனித்து, சொன்னபோது யாரும் காதில் வாங்காததால் உள்ளுக்குள் குமைகிறவர்கள்.

முதல் வகையினரிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: உங்கள் கருத்து உங்களிடம் இருக்கட்டும், குழந்தையையோ குடும்பத்தையோ பற்றி ஒரு வார்த்தை வெளியே வந்தால் அதை எழுதி மேலே அனுப்புவேன். இரண்டாம் வகையினருக்கு எது சரி, எது கூடாது என்று தெளிவாகச் சொன்னால் பயம் குறையும், கதவு திறந்த அறையில் ஒரு மாணவியின் சந்தேகத்தைத் தீர்ப்பது என்றைக்கும் சரிதான். மூன்றாம் வகையினரைத் தனியாகச் சந்தியுங்கள். நான் போன பள்ளியில் ஒரு டீச்சர் அரை மணி நேரம் அழுதுவிட்டுத்தான் பேசத் தொடங்கினார். ஒரு வருடத்துக்கு முன் அவர் சொன்னதை யாரும் எழுதிக்கூட வைக்கவில்லை. அவர் சொன்னதை அன்று நோட்டில் ஏற்றினேன், அப்படியே போலீஸிடமும் சொல்ல வைத்தேன்.

6. பெற்றோர் கூட்டம்: இடமும் நேரமும்தான் பாதி வேலை

காலை 11 மணிக்குப் பள்ளியில் கூட்டம் போட்டால் யார் வருவார்கள்? நூறு நாள் வேலைக்கும் மில்லுக்கும் போகிற அம்மாக்கள் வர முடியாது. கட்சிக்காரர்களும் ஓய்வுபெற்றவர்களும் வந்து உட்கார்ந்து நான்கு மணி நேரம் பேசுவார்கள். மாலை 6 மணிக்கு மேல் வையுங்கள்.

ஒரே கூட்டம் போதாது. ஊர்த் தெருவில் பேசுகிற பேச்சும் காலனியில் பேசுகிற பேச்சும் ஒன்றாக இருக்காது, குற்றம் சாட்டப்பட்டவர் ஒரு சாதி, பாதிக்கப்பட்ட குழந்தை இன்னொரு சாதி என்றால் பொதுக் கூட்டத்தில் ஒரு பக்கம் வாயே திறக்காது. அந்தந்தத் தெருவிலேயே பாய் விரித்து உட்கார்ந்து கேளுங்கள். அம்மாக்களுக்கு மட்டும் ஒரு கூட்டம் தனியாக வேண்டும், அதை ஒரு பெண் நடத்த வேண்டும்.

முதல் கூட்டத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் பேசாதீர்கள். என்ன செய்தோம், என்ன இன்னும் செய்யவில்லை, சட்டப்படி எதைச் சொல்ல முடியாது, அவ்வளவுதான். அப்புறம் கேளுங்கள். திட்டுவார்கள், பத்து வருடத்துக்கு முந்தைய கதையெல்லாம் வரும். மறித்துப் பேசத் தோன்றும், பேசக் கூடாது. ஒவ்வொன்றையும் அவர்கள் கண் முன்னால் எழுதி, கடைசியில் படித்துக்காட்டுங்கள். தங்கள் வார்த்தை நோட்டில் ஏறியதைக் காதால் கேட்டவர்கள் அடுத்த கூட்டத்துக்கும் வருகிறார்கள், இதை ஒவ்வொரு ஊரிலும் பார்த்தேன்.

மன்னிப்புக் கேட்கலாமா, வழக்கில் சிக்கலாகுமா என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். தனிமனிதர் குற்றத்தைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லத் தேவையில்லை. "ஒரு குழந்தை பயத்தோடு இந்தப் பள்ளிக்கு வந்துபோயிருக்கிறது, அதை நாங்கள் கவனிக்கவில்லை, அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன்" என்று சொல்லுங்கள். உண்மையான வார்த்தை அது. நான் அப்படிச் சொன்னபோது பின்வரிசையில் நின்றுகொண்டே இருந்த ஒரு அப்பா முதல் தடவையாக உட்கார்ந்தார்.

7. பள்ளிக்குள் மாற்ற வேண்டியவை

எல்லோரும் கேமராவிலிருந்து தொடங்குகிறார்கள். செலவு அதிகம், வெளியே தெரியும், செய்துவிட்டோம் என்று காட்டலாம். ஆனால் கேமரா இருக்கிற வராந்தாவில் யாரும் தப்பு செய்யப்போவதில்லை. கேமராவை விடச் சாவிக்கொத்து முக்கியம்.

ஒரு மாலை நேரம் இரண்டு அம்மாக்களையும் இரண்டு மாணவிகளையும் கூட்டிக்கொண்டு வளாகத்தைச் சுற்றி நடங்கள். எந்த இடத்தில் நிற்கப் பயமாக இருக்கிறது என்று அவர்களைக் கேளுங்கள். ஆய்வகத்துக்குப் பின்னால், விளையாட்டுச் சாமான் அறை, மாடிப்படி முடிகிற மூலை, வெளிச்சமில்லாத கழிப்பறைப் பாதை என்று பிள்ளைகள் விரலை நீட்டிக் காட்டுவார்கள். பெரியவர்கள் போட்டுவைத்த வரைபடத்தில் அந்த இடங்கள் இருக்காது.

பிறகு விதிகள். குறைவாக, மீற முடியாதபடி. தனியறையில் ஒரு பெரியவரும் ஒரு குழந்தையும் மட்டும் இருப்பதில்லை, கதவு திறந்திருக்கும். ஆய்வகம், சாமான் அறைச் சாவிகள் கையெழுத்துப் போட்டு வாங்கித் திருப்ப வேண்டும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மாலைச் சிறப்பு வகுப்பில் இரண்டு ஆசிரியர்களாவது இருக்க வேண்டும், முடிகிற நேரம் பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். வெளியூர்ப் போட்டிக்கு மாணவிகள் போனால் பெண் ஆசிரியரோ ஒரு அம்மாவோ கூடப் போக வேண்டும், ஆளில்லை என்றால் போட்டிக்கே போகக் கூடாது. தனிப்பட்ட எண்ணிலிருந்து மாணவருக்குச் செய்தி அனுப்பக் கூடாது, வகுப்புக் குழுவில் மட்டும்தான்.

வெளியாட்களை மறக்காதீர்கள். 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் நடந்த போலி என்.சி.சி. முகாம் நினைவிருக்கும். பயிற்சியாளர் என்று சொல்லி வந்தவரை யாரும் சரிபார்க்கவில்லை, பின்னர் தகவலை மறைத்ததாகப் பள்ளியின் பொறுப்பில் இருந்தவர்களும் கைதானார்கள். 2020ஆம் ஆண்டு போக்சோ விதிகளின்படி குழந்தைகளோடு பழகும் எல்லா ஊழியருக்கும் காவல்துறைச் சரிபார்ப்பு செய்ய வேண்டும், அதுவும் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப. கராத்தே மாஸ்டர், வேன் டிரைவர், தற்காலிகப் பயிற்சியாளர் யாராக இருந்தாலும் அனுப்பியவரின் எழுத்தும் சரிபார்ப்பும் இல்லாமல் உள்ளே விடாதீர்கள்.

8. புகார் சொல்லும் வழி வேலை செய்கிறதா?

மாணவர்கள் தங்கள் குறைகளை எழுதிப் போடுகிற மாணவர் மனசுப் பெட்டி பல பள்ளிகளில் இருக்கிறது. எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள், தலைமையாசிரியர் அறை வாசலில், எல்லோரும் பார்க்கிற இடத்தில். எந்தக் குழந்தை அதில் சீட்டுப் போடும்? யாரும் கவனிக்காமல் போடக்கூடிய இடத்துக்கு மாற்றுங்கள். சாவி உங்களிடம் மட்டும் இருக்கக் கூடாது. மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் இருக்கிற பெற்றோர் ஒருவர் முன்னால்தான் திறக்க வேண்டும், திறந்த தேதி எழுதப்பட வேண்டும்.

1098, 14417 இரண்டையும் கழிப்பறைக் கதவுகளின் உள்பக்கம் எழுதி வையுங்கள். குழந்தை தனியாக நின்று படிக்கிற ஒரே இடம் அதுதான்.

எழுதத் தெரியாத சின்னப் பிள்ளைகளுக்கு ஆள்தான் வழி. "உனக்கு ஏதாச்சும்னா இந்தப் பள்ளியில யார்கிட்ட சொல்லுவ?" என்று ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு பிள்ளையையும் கேட்கச் சொல்லுங்கள். ஆயாம்மா என்று சொன்னால் ஆயாம்மாவுக்குப் பயிற்சி கொடுங்கள். ஒருவர் பெயரும் சொல்லாத பிள்ளைகளின் பட்டியல்தான் நீங்கள் முதலில் கவனிக்க வேண்டியது.

பெட்டியில் முதலில் வருவது குழாயில் தண்ணீர் இல்லை, சாம்பாரில் உப்பு இல்லை போன்றவைதான். அலட்சியப்படுத்தாதீர்கள். பிள்ளைகள் சோதித்துப் பார்க்கிறார்கள். குழாய் சரியானால்தான் அடுத்த சீட்டில் கனமான விஷயம் வரும். புகார் எண்ணிக்கை கூடினால் அலுவலகம் பதறும், அவர்களிடம் முன்பே சொல்லி வையுங்கள்: முதல் ஆறு மாதம் புகார் கூடுவது பிள்ளைகள் பேசத் தொடங்கியதன் அடையாளம்.

9. விலகிப்போகிற பிள்ளைகள்

டி.சி. கேட்டு வருவார்கள். மறுக்காதீர்கள், இழுத்தடிக்காதீர்கள், "இந்த ஒருத்தனால ஸ்கூலையே விட்டுப் போறீங்களா?" என்று கேட்காதீர்கள். அன்றே கொடுத்து, எந்தப் பள்ளி என்று மட்டும் கேட்டுக்கொண்டு, அங்கே சேர்ந்துவிட்டாளா என்று இரண்டு வாரத்தில் விசாரியுங்கள். மரியாதையாக டி.சி. வாங்கிப்போன குடும்பங்களில் சில அடுத்த ஜூனில் தங்கையைக் கொண்டுவந்து சேர்த்ததைப் பார்த்திருக்கிறேன்.

அதைவிட ஆபத்து, டி.சி.யும் வாங்காமல் வீட்டோடு நின்றுவிடுகிற பெண் பிள்ளைகள். ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் பெண் மூன்று நாள் தொடர்ந்து வராவிட்டால் வீட்டுக்குப் போய்விட வேண்டும். "பள்ளிக்கூடமே பாதுகாப்பில்ல, கட்டிக்கொடுத்துடலாம்" என்ற முடிவு மளமளவென்று எடுக்கப்பட்டுவிடும். 18 வயது ஆகாத பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு காதில் விழுந்தால் அதற்கும் 1098தான்.

பாதிக்கப்பட்ட குழந்தை திரும்பி வர விரும்பினால் அவளே நிபந்தனைகளைச் சொல்லட்டும், எந்த வகுப்பு, யார் பக்கத்தில், யார் அவளிடம் பேசலாம் என்று. வராவிட்டாலும் தேர்வு எழுத எல்லா ஏற்பாடும் பள்ளி செய்ய வேண்டும். சக மாணவர்கள் அவளைச் சுற்றி நின்று விசாரிப்பதைத் தடுக்க முந்தின நாளே வகுப்பில் பேசிவிடுங்கள், அவள் பெயரைச் சொல்லாமல்.

10. மாதாமாதம் கணக்குச் சொல்லுங்கள்

முதல் மாதம் எல்லோரும் சுறுசுறுப்பாக இருப்பார்கள். மூன்றாம் மாதம் டி.வி. போய்விடும், அலுவலகம் அடுத்த வேலையில் மூழ்கிவிடும். பெற்றோர் அப்போதுதான் கவனிக்கத் தொடங்குகிறார்கள்.

ஒவ்வொரு மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் ஒரு தாள் படியுங்கள். முதல் கூட்டத்தில் எழுதிய கோரிக்கைகள் இத்தனை, முடிந்தவை இத்தனை, முடியாதவை இத்தனை, ஏன் முடியவில்லை. பெட்டி திறந்த தேதிகள், வந்த சீட்டுகளின் எண்ணிக்கை, எத்தனைக்குப் பதில் நடவடிக்கை எடுத்தோம் என்பது. உள்ளே என்ன எழுதியிருந்தது என்பது கிடையாது. முடியாததை மறைக்காமல் சொல்வது முதலில் கூச்சமாக இருக்கும், ஆனால் 'சுற்றுச்சுவருக்கு இன்னும் நிதி வரவில்லை' என்று நான்கு மாதம் தொடர்ந்து படித்த ஒரு பள்ளியில், ஐந்தாம் மாதம் ஊர்க்காரர்களே கிராம சபையில் அதற்குத் தீர்மானம் போட்டார்கள்.

கிராம சபை வருடத்தில் ஆறு முறை கூடுகிறது. அதில் ஒன்றிலாவது மேலாண்மைக் குழுத் தலைவி எழுந்து இந்தத் தாளைப் படிக்கட்டும். நீங்கள் படிப்பதைவிட, ஒரு அம்மா படித்தால் மற்ற அம்மாக்கள் நம்புவார்கள்.

11. தீர்ப்போ விசாரணை முடிவோ வரும்போது

சிறப்பு நீதிமன்றம் கூடுமானவரை ஓராண்டுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுக்கலாம் என்று பெற்றோரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு வாய்தாவும் 'அமுக்கிட்டாங்க' என்ற பேச்சாக மாறும்.

விடுதலையாகிவிட்டால் ஊர் இரண்டாகப் பிரியும். துறை விசாரணைக்கும் நீதிமன்றத்துக்கும் நிரூபணத்தின் அளவு ஒன்றல்ல, இது முடிந்தால் அதுவும் தானாக முடிந்துவிடாது என்று விளக்குங்கள். குழந்தை பொய் சொன்னாள் என்று யாரும் பேச அனுமதிக்காதீர்கள், தவறான தகவல் என்று முடிவானால்கூடக் குழந்தைக்குத் தண்டனை கிடையாது என்று போக்சோ 22ஆம் பிரிவே சொல்கிறது. இரண்டு விசாரணையிலும் அவர் மீது தவறில்லை என்று முடிவானால், அதையும் புகாரை அறிவித்த அதே கூட்டத்தில், அதே தெளிவோடு சொல்ல வேண்டும். அது அவருக்கு நாம் பட்ட கடன். பணிக்குத் திரும்புவதானால் வேறு பள்ளியில் என்று அலுவலகத்திடம் கேளுங்கள், குழந்தை இன்னும் இங்கே படித்துக்கொண்டிருக்கலாம்.

12. அடுத்தவரிடம் ஒப்படைப்பது

உங்களுக்கும் ஒருநாள் மாறுதல் வரும். புதிய தலைமையாசிரியர் சாவிக்கொத்தோடு உட்காரும் முதல் வாரத்தில் பெட்டி திறப்பது நின்றுபோகும், மாலை வகுப்பு விதி தளர்ந்துபோகும். யார் மீதும் தப்பில்லை, அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அதனால் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் பணப் பதிவேடு, இருப்புப் பதிவேட்டோடு சேர்த்து அந்தக் கட்டு நோட்டையும், மாதத் தாள்களின் கோப்பையும், பெட்டியின் சாவியையும் தனித்தனி வரிசையாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மேலாண்மைக் குழுத் தலைவி சாட்சிக் கையெழுத்துப் போடட்டும். பிறகு அவரையும் புதியவரையும் கூட்டிக்கொண்டு, பிள்ளைகள் அன்று விரல் நீட்டிக் காட்டிய இடங்களை ஒருமுறை நடந்து காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.